வீலுக்குப் பணம் கட்டும் முன் ஒரு ராத்திரி பொறு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு வண்ணம், மெல்லிய கம்பிகள், 22 அங்குலம். உன் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4 காருக்கு அந்த வீல் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் "ஓகே சொல்லுங்கப்பா, இன்றைக்கே பணம் கட்டிவிடுகிறேன்" என்று கேட்டிருந்தாயே, அதற்குப் போனில் பதில் சொல்ல மனம் வரவில்லை. போனில் என்றால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 22 அங்குலம் வேண்டாம், இப்போது இருக்கும் 19 அங்குல வீலிலேயே இரு.

உன் காரில் இப்போது இருக்கும் டயரின் பக்கத்தில் 255/55 R19 என்று எழுதியிருக்கும். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு பக்கச்சுவரின், அதாவது ரிம்முக்கும் தரையைத் தொடும் பகுதிக்கும் நடுவில் உள்ள ரப்பரின் உயரம். கணக்குப் போட்டால் 140 மி.மீ. வருகிறது. மொத்த விட்டம் அதிகம் மாறாமல் 22 அங்குலத்துக்குப் போக வேண்டுமென்றால் 285/35 போல ஒன்று போட வேண்டும். பக்கச்சுவர் 100 மி.மீ.க்கு இறங்கிவிடும். அந்த நாலு சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் கல்லில் ஏறும்போது வளைந்து கொடுப்பது, குழியின் அடியை ரிம் வரை போகவிடாமல் வாங்கிக்கொள்வது. உன் வேலை உன்னைக் கல்லும் சேறும் உள்ள பாதைகளுக்குக் கொண்டுபோகிறது. அங்கே டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்ட வேண்டிவரும். பக்கச்சுவர் இல்லாத டயரில் காற்றைக் குறைத்தால் ரிம் நேராகக் கல்லில் உட்காரும்.

நீ பள்ளியில் படித்தபோது நம் பழைய வண்டிக்கு நானும் பெரிய வீல் போட்டது உனக்கு நினைவிருக்கும். மழைத் தண்ணீர் மூடிய ஒரு குழியில் இறங்கியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ரிம்மின் உள்பக்க விளிம்பில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. காற்று மெதுவாகக் கசிந்து, நடுவழியில் நீயும் அம்மாவும் இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றீர்கள். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தது இன்னும் எனக்குள் இருக்கிறது. வீல் விற்ற கடைக்காரர் "அப்படியே பொருந்தும் சார்" என்றுதான் சொன்னார். அவர் பார்த்தது நட்டுத் துளைகளை மட்டும்தான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நீ கேள். உன் காரில் ஒவ்வொரு வீலையும் பிடித்து நிற்பவை ஐந்து ஸ்டட், அதாவது நட்டு ஏறும் திருகுக் கம்பிகள். அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 120 மி.மீ. வீலின் நடுத்துளை 72.6 மி.மீ. இந்த இரண்டாவது எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் டி5 வேனுக்கும் ஐந்து துளை, அதே 120. ஆனால் அந்த வேனின் வீலுக்கு நடுத்துளை 65.1 என்பதால் உன் காரின் ஹப்பில், அதாவது வீல் உட்காரும் அச்சு முனையில், அது ஏறவே ஏறாது. மாறாக நடுத்துளை பெரிதாக இருந்தால் வீல் ஏறிவிடும், ஹப்பின் மேல் இறுக்கமாக உட்காராது. வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும். இடைவெளியை அடைக்க வளையம் போடலாம். போட்டால் உலோக வளையமாகவே கேள். இவ்வளவு எடையுள்ள, மலையிறக்கத்தில் பிரேக் சூடாகும் வண்டிக்குப் பிளாஸ்டிக் வளையத்தை நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு அது. உன் 19 அங்குல வீல் 8 அங்குல அகலம், ஆஃப்செட் 53. நீ பார்த்து வைத்திருப்பது 9.5 அகலம், ஆஃப்செட் 45. எட்டு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். அகலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். இப்போது இருப்பதைவிட வெளியே 27 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே 11 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும். வெளியே நீட்டும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் போல வேலை செய்யும். ரோட்டின் மேடுபள்ளம் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். சேறு முழுக்கக் கதவில் அடிக்கும். ஆள் ஏறி இறங்குவதற்காக ஏர் சஸ்பென்ஷனில் காரைத் தாழ்த்தும்போது டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசவும் செய்யும்.

ஆளையும் சாமானையும் ஏற்றினால் உன் கார் மூன்று டன்னைத் தாண்டும். அதனால் எடை தாங்கும் அளவைப் பார்க்காமல் எதையும் வாங்காதே. கார் உடம்பிலேயே ஒரு தகடு இருக்கும், அதில் பின் அச்சின் உச்ச எடை போட்டிருக்கும். அதில் பாதியைவிட ஒவ்வொரு வீலின் தாங்கும் அளவும் கூடுதலாக இருக்க வேண்டும். நல்ல வீலில் அதன் பின்பக்கம் அந்த எண்ணை வார்த்தே வைத்திருப்பார்கள். சிறிய கார்களுக்காகச் செய்த வீல்களுக்கும் 120 வட்டம் உண்டு, பார்க்க அழகாகவும் இருக்கும். அவை இந்த எடைக்குச் செய்தவை அல்ல. டயருக்கும் இதே கதைதான். 111 என்ற குறி இருந்தால் அந்த டயர் 1,090 கிலோ தாங்கும். அதற்குக் கீழே போகாதே.

சிறிய ரிம், பெரிய பக்கச்சுவர் என்றால் 18 போடலாமே என்று நீ கேட்கக்கூடும். 255/60 R18 போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், ரப்பர் 153 மி.மீ. எனக்கும் ஆசைதான். ஆனால் உன் 3.0 லிட்டர் டீசல் வண்டியின் முன் பிரேக் பெரியது. பல 18 அங்குல ரிம்கள் காலிப்பரில், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், இடிக்கும். உன் காரில் மாட்டி, கையால் முழுச் சுற்று சுற்றிக் காட்டினால் மட்டும் யோசி. இல்லையென்றால் உன்னிடம் இருக்கும் 19-ஐயே நேராக்கி, நீ கேட்ட அந்தக் கறுப்பு வண்ணத்தை அதற்கே அடித்துக்கொள். ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற நல்ல ஆல் டெரெய்ன் டயர் நான்கையும் ஒன்றாக வாங்கு. இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஓட்டாதே. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி இது. சுற்றளவு வேறுபட்டால் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. இந்த வண்டியின் நட்டுகளுக்கு மேலே பளபளப்பான தொப்பி ஒன்று இருக்கும். துரு ஏறினால் அது உப்பிவிடும், 22 எம்எம் சாக்கெட் நுழையாது. காட்டுக்குள் பஞ்சராகி, நட்டைக் கழற்ற முடியாமல் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஒரே துண்டாகச் செய்த நட்டுகள் கிடைக்கும், இருபதையும் மாற்றிவிடு. அளவு எம்14, புரி இடைவெளி 1.5 மி.மீ. வீலில் உள்ள குழியின் வடிவமும் நட்டின் அடி வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 140 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல், நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை சரிபார். அப்புறம், ஸ்டெப்னி. அது பின்பக்க அடியில் கம்பியில் தொங்குகிறது. அதை இறக்கி ஏற்றும் வின்ச் துருப்பிடித்து இறுகிப்போவது வழக்கம். வீட்டு வாசலிலேயே ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றிப் பார், கிரீஸ் போடு.

சரி, வீலை விடு. வீலில் மிச்சமாகும் பணம் போக வேண்டிய இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. எஞ்சின் ஆயிலைக் கையேடு 26,000 கிலோமீட்டர் வரை விடலாம் என்று சொல்லியிருந்தாலும் நீ பத்தாயிரத்துக்கு ஒருமுறை மாற்று. இந்த வகை டீசல் எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் உடைந்த கதைகள் நிறைய உண்டு. பழைய ஆயிலில் ஓட்டி அந்தப் பட்டியலில் நீயும் சேர வேண்டாம். எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டரோடு வயதும் கணக்கு. முன்னால் ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். பின்பக்கம் டீசல் பம்பை ஓட்டும் சின்ன பெல்ட் ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்தே மாற்றச் சொல். பழைய உரிமையாளரின் பில்லில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கீழ்க்கையின் ரப்பர் புஷ் கிழிந்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து கையை விட்டுத் தடவிப் பார். புஷ்ஷை மாற்றாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் போகும். பேட்டரி தளர்ந்தால் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் எல்லாம் திரையில் வரும். அப்போது பயந்துபோய் எதையும் கழற்றாமல் முதலில் பேட்டரியைச் சோதித்துப் பார்.

எனக்குப் பெரிய கவலை, ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன்தான். காற்றுப் பையில் ஊசி முனையளவு கசிவு இருந்தால்கூட பையில் காற்றடைக்கும் கம்ப்ரஸர் நாள் முழுக்க ஈடுகட்டிக்கொண்டே ஓடும், சூடாகும், கடைசியில் அது போய்விடும். பையை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றுகிறவர்கள் இரண்டாவது கம்ப்ரஸரையும் தொலைக்கிறார்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் கார் தானாகக் கீழே இறங்கக்கூடியது. எக்காரணம் கொண்டும் ஜாக்கியை மட்டும் நம்பி அதன் அடியில் படுக்காதே. இதை எனக்காகக் கேள்.

இன்றிரவு இதைச் செய். சமதரையில் நிறுத்து. ஒவ்வொரு மூலையிலும் வீலின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடி அள. இந்த வண்டி சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, தாழ்ந்த மூலையின் மட்டத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிக்கொள்ளும். அதனால் நான்கும் ஒரே மாதிரி இறங்கியிருந்தாலும் கசிவு ஒரே மூலையில் இருக்கலாம். எட்டு எண்ணும் எனக்கு வேண்டும், எந்த மூலை எது என்று குறித்து அனுப்பு. அது வரும் வரை வீலுக்குப் பணம் கட்டாதே, கண்ணு.

அன்புடன்,
அப்பா