சீகைக் காட்டில் நிற்கும் கிட்டார் மரம்: தமிழ்நாடு வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு சிறிய பட்டறை வைத்து, கேட்பவரின் கைக்கும் தோளுக்கும் பொருந்துமாறு எலெக்ட்ரிக் கிட்டார்களும் பாஸ் கிட்டார்களும் செய்து தருவது என் தொழில். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் அயல் மரங்களை அகற்றும் பணியில் தாங்கள் ஈடுபட்டிருக்கும் இவ்வேளையில் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். வெட்டப்படும் சீகை மரங்கள் மொத்தமாகக் காகிதக் கூழுக்கும் விறகுக்கும் போவதற்கு முன்னால், அவற்றுள் ஒரு வகையான பிளாக்வுட் என்னும் ஆஸ்திரேலிய மரத்தின் பருத்த அடிக்கட்டைகளை மட்டும் பிரித்து, இசைக்கருவி செய்வோர் வாங்கக்கூடிய சிறு அளவுகளில் விற்க வேண்டும்.

மலையில் சீகை என்று பொதுப்பெயரால் சொல்லப்படும் காடுகளில் குறைந்தது இரண்டு ஆஸ்திரேலிய மரங்கள் இருக்கின்றன என்பது தங்கள் களப்பணியாளர்கள் அறிந்ததே. தோல் பதனிடப் பட்டை உரிக்கப்படும் வாட்டில் ஒன்று, பிளாக்வுட் மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் குடியிருப்புகளின் விறகுத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்டவை இவை. வாட்டிலின் இலை கடைசிவரை புளிய இலைபோல் பொடிப்பொடியாகவே இருக்கும். பிளாக்வுட்டோ கன்றாக இருக்கையில் அதே பொடி இலையோடு முளைத்து, வளர வளரத் தடித்த அரிவாள் வடிவ இலைக்கு மாறிவிடும்; இளங்கன்றில் ஒரே காம்பின் அடியில் அகன்ற இலையும் நுனியில் பொடி இலையும் சேர்ந்திருப்பதைக் காணலாம். பிரித்தறிவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

இந்த மரத்தின் தாயகமான ஆஸ்திரேலியாவில், குறிப்பாகத் தாஸ்மேனியாவில், இதற்கு இருக்கும் மதிப்பே வேறு. 1946இல் மெல்போர்னில் தொடங்கிய மேட்டன் நிறுவனம் தம் நாட்டு மரங்களைக் கொண்டே கிட்டார் செய்து பெயர் பெற்றது; அவற்றுள் பிளாக்வுட்டும் ஒன்று. அமெரிக்காவின் டெய்லர் நிறுவனமும் இதில் கிட்டார்கள் செய்திருக்கிறது. கிட்டாரும், உகுலேலே என்னும் சிறு கிட்டாரும் செய்வோர் பெரும் விலை கொடுத்து வாங்கும் ஹவாய்த் தீவின் கோவா மரம் இதற்கு மிக நெருங்கிய உறவு. நம் மலையிலோ இது டன் கணக்கில் எடை போடப்படுகிறது. நானும் என்னைப் போன்றவர்களும் ஆல்டர், மேப்பிள் பலகைகளைக் கடல் கடந்து வரவழைத்துக்கொண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த பிளாக்வுட் மரத்தின் நான்கடிக் கட்டை ஒன்று, உரிய அனுமதிச் சீட்டுடன் எனக்குக் கிடைத்தது. குறுக்களவு ஒன்றரை அடி. அதை மேட்டுப்பாளையத்தில் இரண்டேகால் அங்குலப் பலகைகளாக அறுத்து, முனைகளுக்கு மெழுகு பூசி, இடையிடையே சட்டம் வைத்து நிழலில் அடுக்கினேன். பலகையின் கனத்தில் அங்குலத்திற்கு ஓராண்டு என்பது மரம் காய்வதற்கு ஆசாரிகள் சொல்லும் கணக்கு. நான் இரண்டரை ஆண்டு பொறுத்திருந்தேன். முதல் பலகையை இழைத்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பல் பூத்திருந்த மேற்பரப்பு சுருளாகக் கழன்றதும் உள்ளேயிருந்து தேன் நிறமும், அதில் கறுத்த கோடுகளும் எழுந்தன. பலகையைச் சாய்த்தபோது ரேகையின் குறுக்கே அலைகள் நகர்ந்தன. அந்த அலை இருக்கும் இடத்தில் இழைப்புளியை எதிர்த்து ஓட்டினால் மரம் பிய்ந்து வருமாதலால், தகட்டால் சுரண்டியே முடிக்க வேண்டியிருந்தது. அதில் 34 அங்குல நீளக் கம்பிக்கான பாஸ் கிட்டார் ஒன்றின் உடலைச் செய்தேன். எலெக்ட்ரிக் கருவியில் பிக்கப் என்னும் காந்தச் சுருள் எடுப்பது கம்பியின் அதிர்வை என்பதால், ஓசையில் மரத்தின் பங்கு எவ்வளவு என்ற வாதம் எங்களுக்குள் ஓய்வதில்லை. ஆனால் எடையும், விறைப்பும், பருவத்திற்குப் பருவம் வளையாத தன்மையும் மரத்தைப் பொறுத்தவை என்பதில் இரு கருத்து இல்லை. அந்தப் பாஸ் மூன்று மழைக்காலங்களைக் கடந்தும் நெக் எனப்படும் கழுத்துப் பகுதி உடலோடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளிகூட விடவில்லை.

இரண்டாவது கட்டைக்காகத்தான் அலைந்தேன். ஓர் ஏலத்திற்குப் போனபோது, மொத்தக் குவியலையும் எடுப்பவர்க்கே விற்பனை என்றார்கள். அக்குவியலின் அடியில் கிடந்த, ஒன்றரை அடிக்குக் குறையாத இரண்டு கட்டைகள் என் கண்ணெதிரே விறகு லாரியில் ஏறின. கணுவும் வெடிப்பும் கழித்தாலும் அத்தகைய நான்கடிக் கட்டை ஒன்றில் ஐந்தாறு கிட்டார் உடல்கள் தேறும். எங்களுக்கு வேண்டியது ஆண்டுக்குச் சில கட்டைகள். அதற்கு முழுக் குவியலையும் எடுக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

ஒன்றை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்காக ஒரு மரத்தைக்கூட வெட்டவோ நடவோ வேண்டாம். சீகை புல்வெளிகளையும் சோலைக் காடுகளையும் எப்படி விழுங்கியது என்பதை மலையில் நடப்பவர் எவரும் காணலாம். வெட்டிய பிளாக்வுட் வேரிலிருந்தே மீண்டும் கிளைக்கிறது, விதையோ மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. இதற்கு ஒரு விலை ஏற்பட்டுவிட்டால் வளர்க்கும் ஆசை யாருக்கேனும் வந்துவிடுமோ என்ற தங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே அகற்றும் திட்டத்தில் ஏற்கெனவே இடம்பெற்ற பகுதிகளில் வெட்டப்பட்டவற்றிலிருந்து மட்டும், கட்டையில் சுத்தியால் பதிக்கும் துறை முத்திரையோடும், மரத்தைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிச் சீட்டோடும் விற்கப்படட்டும். அயல் மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலையெடுத்துள்ள இடங்களில், எவ்வளவு பருத்த மரமாயினும் அது எங்களுக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒன்றேகால் அடிக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள பிளாக்வுட் அடிக்கட்டைகளை நான்கடி நீளத்தில் துண்டித்து, வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, ஒற்றைக் கட்டையாக விலை குறிக்க வேண்டும். அந்தப் பூச்சைத் தள்ளிப்போட்டால் முனை வெடித்து, கட்டை விறகுக்கே ஆகும். மலையின் ஈரக்காற்றில் பலகை சரியாக உலராது என்பதால் அறுப்பதும் காயவைப்பதும் கீழே நடப்பது நல்லது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி நம் மலையில் விளைந்த பிளாக்வுட்டின் அடர்த்தியையும் சுருக்கத்தையும் அளந்து வெளியிட்டால் வீணை, வயலின் செய்வோருக்கும் அது பயன்படும்.

முதற்கட்டமாக ஒரே ஒரு வனச்சரகத்தில், ஒரு பருவத்திற்கு மட்டும் இதைச் செய்து பார்க்கலாம். பூச வேண்டிய மெழுகை நானே வாங்கித் தருகிறேன். எந்தக் கட்டை தேறும், எது தேறாது என்று பணியாளர்களுக்குக் காட்ட என் செலவிலேயே மலையேறி வருகிறேன். தாங்கள் நாள் குறித்தால், குன்னூர்க் கட்டையில் செய்த அந்தப் பாஸ் கிட்டாரையும், அதே கட்டையில் மிச்சமிருக்கும் இழைக்காத பலகை ஒன்றையும் தங்கள் அலுவலகத்திற்கு எடுத்து வருவேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
கோவைக் கிட்டார்ப் பட்டறைக்காரன்