செயலாளரின் ஆண்டறிக்கை: ஆட்டமில்லா நாட்களின் வருமானம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எட்டு றகர் கழகங்கள் இரண்டு சுற்று மோதும் லீக்கில் சொந்த மைதானத்தில் கிடைப்பது 7 ஆட்டங்கள். நுழைவுச்சீட்டை மட்டும் நம்பியிருந்தால், மீதி 358 நாட்களுக்குப் புல் வெட்டுபவருக்கும் காவலாளிக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? இவ்வாண்டு கைகொடுத்தவையும் கையைச் சுட்டவையும் கீழே. தொகைகள் பொருளாளரின் அறிக்கையில் உள்ளன.

வார நாட்களில் மாலை 6 முதல் 9 வரை நடந்த, நிறுவனங்களுக்கிடையிலான டச் (தொடுகை) றகர்தான் எங்கள் நல்ல பிள்ளை. அணிக்கு 6 பேர் களத்தில் இருந்தால் போதும். எதிராளியை விழுத்தாமல் கையால் தொட்டாலே போதும், மோதல் இல்லை என்பதால் பெண்களும் ஐம்பது தாண்டியவர்களும் ஆடுகிறார்கள். விதிப்படி 70 × 50 மீட்டர் வேண்டும். நமது 100 × 70 மைதானத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்தால் கணக்குச் சரி, ஆட்டம் சரியில்லை: புள்ளி எடுக்கக் கோட்டுக்கு அப்பால் பந்து வைக்க இடமில்லை, பக்கத்து ஆட்டக்காரர் வந்து மோதுவார். ஆகவே 60 × 45 ஆகக் குறைத்து, இரு முனையிலும் 5 மீட்டரும் நடுவில் 10 மீட்டரும் விட்டோம். உலோக ஆணிச் சப்பாத்துக்கு அனுமதியில்லை. மின்விளக்குச் செலவுக்கு மொத்தக் கட்டணம் வைத்தது தவறு. ஆட்டம் இழுபட்ட இரவுகளில் நட்டம் நம் தலையில் விழுந்தது. இப்போது மின்மானி அளவை முன்னும் பின்னும் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுகிறோம். பெயர் கொடுத்துவிட்டு வராத அணிகளும் உண்டு. முழுக் கட்டணமும் வந்த பிறகே அட்டவணையில் இடம்.

திருமண வரவேற்புகளும் களியாட்ட நிகழ்வுகளும் ஒரே இரவில் பெருந்தொகை தருபவை. புல்லைக் கெடுப்பவையும் அவையே. கூடாரக்காரர் அடிக்கும் இரும்பு முளை பிடுங்கிய குழி மேலே மூடிக்கொள்ளும், கீழே பொந்தாக இருக்கும். அடுத்த வாரம் அதில் ஒருவர் கணுக்கால் மடங்கும். முளைக்குப் பதில், நீர் நிரப்பிய 200 லீற்றர் பீப்பாய்களில் கயிறு கட்டச் சொல்கிறோம். ஒன்று ஏறக்குறைய 200 கிலோ. மேடைப் பலகை வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் அடியிலுள்ள புல் மஞ்சளாகிவிடும், எனவே நிகழ்வு முடிந்த இரவே கழற்ற வேண்டும். மழை பெய்த மண்ணில் லொறி ஏறக்கூடாது. அழுந்திய மண்ணில் தண்ணீர் இறங்காது. கடைசியாக, சக்கரம் வைத்த காந்தச் சட்டத்தை நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் இழுக்கிறோம். ஒட்டிவரும் ஆணிகளையும் கம்பித் துண்டுகளையும் பார்த்தவர்கள் இந்த வேலை வீண் என்று சொல்லமாட்டார்கள்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்காட்டியைப் பாராமல் எவரும் மண்டப முன்பதிவு எழுத வேண்டாம். அன்று மதுபான விற்பனைக்குத் தடை என்பதை, முற்பணம் வாங்கிய பிறகு சொல்வது மானக்கேடு.

அனுசரணை தேடும் உறுப்பினர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுபான, புகையிலை நிறுவனங்களின் அனுசரணை நமக்கு ஆகாது. "பெயர் போடாமல் வாங்கலாமே" என்ற யோசனையை இனிக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம். விளம்பரப் பலகைகளை ஆட்டத்துக்கு ஆட்டம் விற்காமல் ஆண்டுக்கு விற்றோம், ஏனெனில் மாலையில் ஓட வருவோரும் டச் அணிகளும் அவற்றைத்தான் தினமும் பார்க்கிறார்கள். பலகை பக்கக் கோட்டிலிருந்து 5 மீட்டருக்குள் வரக்கூடாது. வெயிலில் வெளிறும் அச்சை யார் செலவில் மாற்றுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுக.

ஜேர்சி விற்பனை சுமார்தான். மொத்தமாகத் தைத்ததில் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் அலுமாரியில் தேங்கின. இனி அளவும் பணமும் வந்த பிறகே தையற்காரரிடம் போகும்.

மைதான வாடகையின் பிணைப்பணத்தை இரட்டிப்பாக்கி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் மைதானத்தைப் பார்வையிட்ட பின்னரே திருப்பிக் கொடுக்கும் தீர்மானத்தைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்