மகளுக்கு, மாத்திரை விஷயமாக

செம்பூர், மும்பை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதாகத் தொலைபேசியில் நீ சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறேன். நம் சொசைட்டியில் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்க்கிறார்கள். சேடா நகர் முருகன் கோவிலுக்கு மாலையில் நடந்து போய்வருகிறேன். இவற்றைத் தவிரச் செய்தி என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயத்திற்காகத்தான் இக்கடிதம். தொலைபேசியில் அதைத் தொடங்கினாலே "பாத்துக்கறேம்ப்பா" என்று நீ பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது அல்லவா?

ஆறு மாதத்திற்கு ஒருமுறை ரத்தக் கொழுப்பின் அளவைக் காட்டும் லிப்பிட் ப்ரொஃபைல் அறிக்கையை நான் கேட்காமலேயே அனுப்பிவைப்பவள் நீ. சித்தப்பாவுடையது, என்னுடையது, உன்னுடையது என்று மூன்று கோப்புகள் அலமாரியில் இருப்பதும், துறைமுகக் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு ஒரு தாள் குறைந்தாலும் கண்ணில் உறுத்தும் என்பதும் உனக்குத் தெரியும். மார்ச்சில் வரவேண்டிய தாள் இன்னும் வரவில்லை. முதல் முறை 218 என்று வந்த எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு, ஸ்டாட்டின் வகை மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் தொடங்கிய பிறகு 118 ஆனது. அதற்கடுத்த முறை 112. அந்த வரிசை அங்கேயே நிற்கிறது. தமிழ் வருடப் பிறப்புக்கு வந்திருந்தபோது இரவுச் சாப்பாட்டிற்குப் பின் நீ மாத்திரை போட்டுக்கொண்டதை நான் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையின் மேல் வேறொரு ஸ்ட்ரிப் இருந்தது. ஃபோலிக் ஆசிட் என்று எழுதியிருந்தது. கீழே கிடக்கும் தாளைக்கூடப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவேன் என்பது உனக்குப் புதிதல்ல, படித்தேன், அவ்வளவுதான். எதற்கு என்று அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப் போவதில்லை. உன் அம்மா இருந்திருந்தால் இரண்டு வாக்கியத்தில் கேட்டு, இரண்டு வாக்கியத்தில் பதிலும் வாங்கியிருப்பாள்.

ஆகையால், நீ மாத்திரையை நிறுத்தியிருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு, என்ன காரணத்திற்காக இருந்தாலும் பயன்படும்படி எழுதுகிறேன். எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்.

முதலில், உடம்பு வலி காரணமாக இருந்தால். சென்ற ஆண்டு தொடை வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். அதே மாதத்தில்தான் அலுவலகத்தில் ஏதோ சவாலுக்காகப் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாய் என்பதையும் நீயே சொன்னாய். ஸ்டாட்டினால் தசைவலி வருவதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு உண்மையாகவே வருகிறது. ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், தொந்தரவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் உண்மையான மாத்திரையும், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்து, சில மாதங்கள் எதுவும் கொடுக்காமலும் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் அவர்கள் அனுபவித்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது என்று 2020-ல் முடிவு வெளியானது. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வலித்தது உண்மை, காரணம்தான் பெரும்பாலும் வேறு. எனவே வலித்தால் மருத்துவரிடம் சொல்லி, தசை பாதிப்பைக் காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனையோடு தைராய்டும் வைட்டமின் டியும் பார்த்துவிடு. தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் கொழுப்பும் ஏறும், ஸ்டாட்டினால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். இரண்டாம் மாடி மாமி கொள்ளும் பூண்டும் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று எனக்குத் தினமும் உபதேசம் செய்கிறாள். அவளுடைய கொள்ளு ரசம் நன்றாகத்தான் இருக்கிறது. குடித்துவிட்டு வந்து மாத்திரையையும் போட்டுக்கொள்கிறேன். நமக்கு இருக்கும் கொழுப்பு சாப்பாட்டால் வந்தது அல்ல, பரம்பரையாக வந்தது.

அலட்சியம் செய்யக் கூடாத வலி ஒன்று உண்டு. இரண்டு தொடையும் இரண்டு தோளும் ஒருசேரத் துவண்டு, நாற்காலியிலிருந்து எழுவதே கடினமாகி, சிறுநீர் கருந்தேயிலை நிறத்தில் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மாத்திரையையும் அக்கணமே நிறுத்த வேண்டும். மிக அரிது. ஆயினும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

நம்மவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்தில் சற்றுக் கூடுதலாகவே சேர்கிறது என்பதால், ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமிலிருந்து தொடங்குமாறு அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகையால், ஒத்துவரவில்லை என்றால் அளவைக் குறைக்க இடம் இருக்கிறது. முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நெஞ்செரிச்சலுக்கு ஜெலூசில் போன்றதைக் குடித்தால் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. நான் சாப்பிடும் அடோர்வாஸ்டாட்டினுக்குத்தான் சாத்துக்குடியின் பெரிய உறவினரான கிரேப்ஃப்ரூட் ஆகாது. பம்பளிமாஸும் அதே குடும்பம் என்பதால், விநாயகர் சதுர்த்தி சமயத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டில் அது குவிந்துகிடந்தாலும் நான் வாங்குவதில்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடமும் அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உனக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடாதே. இதைப் பலமுறை சொல்லிவிட்டேன் என்று எனக்கும் தெரியும்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீதான். கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கும்போது மின்கட்டண உறையின் பின்புறத்தில் படம் போட்டு, கல்லீரல் தானே கொழுப்பு செய்வதை மருந்து தடுப்பதால், அது தன் மேல் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு ரத்தத்திலிருப்பதை இழுத்துக்கொள்கிறது என்று விளக்கினாய். அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது என்றும் சொன்னாய். என் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் அந்த உறையைக் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்தால், அப்பாவை விடு, உன் மருத்துவரிடமாவது சொல்லியிருக்க வேண்டாமா?

சமீபத்தில் இந்த மருந்து பிறந்த வரலாற்றைப் படித்தேன். அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் ஏறத்தாழ 6,000 பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூசணத்திலிருந்து 1973-ல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1978-ல் ஒசாகாவில் யமமோட்டோ என்ற மருத்துவர் அதைப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தார். கொழுப்பு இறங்கியது, ஆனால் தசை பலவீனமடைந்தது. அவர் மருந்தை நிறுத்தி, அவள் தேறியதும் 500 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராமாகக் குறைத்து மறுபடி தொடங்கினார். குறைத்துத் தொடரலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று இல்லை. அவளைப் பற்றி எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நமக்கு இருப்பது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்த குறைபாடு. அவளுக்கு இருவரிடமிருந்தும் வந்திருந்தது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மாத்திரையை நிறுத்தியது நல்ல காரணத்திற்காக என்றால், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மகிழ்ச்சி என்றுகூட எழுதலாம், ஆனால் நீ சொல்லாத ஒன்றுக்கு நான் முந்திக்கொண்டு மகிழக் கூடாது. பிரிட்டிஷ் வழிகாட்டுதல், பரம்பரைக் கொழுப்பு உள்ள பெண்கள் முயற்சி தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-ல், அறியாமல் ஆரம்ப வாரங்களில் சாப்பிட்டுவிட்டால் குழந்தைக்குக் கெடுதல் நேர வாய்ப்பில்லை என்றும், தெரிந்தவுடன் பெரும்பாலோர் நிறுத்திவிட வேண்டும் என்றும், ஆபத்து மிகுந்த சிலருக்கு மட்டும் மருத்துவர் தனியாக முடிவு செய்யலாம் என்றும் கூறியது. ஆகையால் பதற்றத்திற்கு இடமில்லை. ஆனால் நிறுத்துவதற்கு ஒரு தேதி இருப்பதுபோல் மறுபடி தொடங்குவதற்கும் ஒரு தேதி வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் இதைச் சாப்பிடக் கூடாது என்பதால் ஒரு குழந்தைக்கே இரண்டு ஆண்டு ஓடிவிடும். அதற்குள் யாருக்கும் மாத்திரை நினைவிருக்காது. சித்தப்பா எப்படி விட்டார் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நிறுத்திய சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய இடத்திற்குப் போய்விடும், கர்ப்ப காலத்தில் இயல்பாகவே இன்னும் ஏறவும் செய்யும். இதய மருத்துவரிடம் முன்னதாகவே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இடையில் மருந்து அவசியம் என்று அவர் கருதினால், குடலிலிருந்து ரத்தத்தில் சேராத கொலஸ்டிரமின் பொடி போன்றதைத் தருவார். அது ஃபோலிக் ஆசிட் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆகையால் அந்த மஞ்சள் மாத்திரையைப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலைந்து மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். இதை அங்குள்ள மருத்துவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்.

இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. மாப்பிள்ளை ஒருமுறை ரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அவர் ஒல்லி, காலையில் கப்பன் பார்க்கில் ஓடுகிறார், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதில்லை, எல்லாம் சரி. ஆனால் அவர் என் அக்காள் மகன். அத்தையின் கண் இமையோரம் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக இருப்பதை நாம் எல்லோரும் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். வயதானால் வரும் என்று அவளே சொல்லி, நாமும் விட்டுவிட்டோம். அப்படித் திட்டு உள்ளவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் இருக்கும் என்பதில்லை. ஆயினும் நானும் தம்பியும் இப்படி இருக்கையில், கூடப் பிறந்தவளுக்கு இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு இருந்தால் அவள் மகனுக்கும் பாதிக்குப் பாதி. உனக்கும் அவருக்கும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அந்த ஒசாகாப் பெண்ணைப்போல் இரண்டு பக்கமும் வாங்கிவருவதற்கு. அப்படிப் பிறப்பவர்களுக்கு எல்டிஎல் 400, 500 என்று ஏறி, பள்ளிப் பருவத்திலேயே இதயக் குழாய் பாதிக்கப்படலாம். ஏற்பியே வேலை செய்யாத உடம்பில், ஏற்பியைக் கூட்டி வேலை செய்யும் மருந்தும் அதிகம் உதவாது. இதை உன் உறையில் நீயே போட்டுக் காட்டியிருக்கிறாய்.

உங்கள் கல்யாணத்தை இரு வீட்டாரும் பேசி முடித்தபோது இது எவருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்கு நடந்த பிறகுதான் பெயரே தெரிந்தது. ஆகவே இதில் யாரையும் நொந்துகொள்வதற்கில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். அவருடைய எல்டிஎல் சாதாரணமாக வந்துவிட்டால், உன் பக்கத்து ஒன்று மட்டும்தான் மிச்சம். அது வந்தாலும் இரண்டு வயதுக்கு மேல் ஒரு பரிசோதனை, எட்டுப் பத்து வயதில் தேவைப்பட்டால் சிறிய அளவு மாத்திரை, நம்மைப்போல் ஓடியாடி வாழலாம். இருநூற்றைம்பது முந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் சங்கதி, பெரும்பாலோருக்குத் தெரியாமலேயே. நமக்குத் தெரிந்திருப்பது லாபம்.

டோம்பிவிலிக்கு ஃபோன் போட்டு அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம். பிள்ளைக்குக் குறை சொல்கிறான் என்று எடுத்துக்கொள்வாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், என் அறிக்கைக்காகப் பரிசோதனைக்காரரை வரவழைத்திருப்பதாகச் சொல்லி அவள் ரத்தத்தையும் எடுக்கவைக்கலாம் என்று எண்ணுகிறேன். மாப்பிள்ளையிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மாமனார் சொல்வதாகத் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. ட்ரைகிளிசரைடு என்ற மற்றொரு வகைக் கொழுப்பு அதிகமாக வந்தால் மட்டும்தான் மறுபடி வெறும் வயிற்றில் எடுப்பார்கள். ஆகையால் காபி குடிக்காமல் கிளம்ப முடியாது என்று அவர் சொன்னால், குடித்துவிட்டே வரச் சொல். இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா