மெத்திலேற்றச் சோதனை ஆயுள் ஜோசியம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மரபணுமேல் குறிகளை (டிஎன்ஏவின் எழுத்து வரிசையை மாற்றாமல், மரபணு வேலை செய்வதைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறிகளை) பார்த்துப் புற்றுநோயாளியின் ஆயுளைக் கணித்துவிடலாம் என்ற தொனியில் செய்திகள் வருகின்றன. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கான எம்ஜிஎம்டி சோதனையைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்து, புற்றணு டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியை ஏற்றிச் சேதப்படுத்துகிறது. எம்ஜிஎம்டி புரதம் அதைப் பிடுங்கிச் சரிசெய்துவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் படிந்திருந்தால் புரதம் சரிவர உருவாகாது. சேதம் அப்படியே நிற்கும். (மருந்து ஏற்றும் மெத்தில் வேறு, மரபணுவின் தொடக்கத்தில் படிந்திருக்கும் மெத்தில் வேறு. சோதனை தேடுவது இரண்டாவதை; மெத்திலேற்றம் என்பதும் அதுவே.)

2005இல் வெளியான ஆய்வில், மெத்திலேற்றம் உள்ளவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 15.3 மாதம், மருந்தும் பெற்றோருக்கு 21.7. மெத்திலேற்றம் இல்லாதவர்களிடம் இவை முறையே 11.8, 12.7. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்று பொருள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கெடு அல்ல அது.

சோதனை முடிவு பிசகும் இடம் ஆய்வகம். டிஎன்ஏவில் பைசல்பைட் என்ற வேதிப்பொருளைப் போட்டால், மெத்தில் இல்லாத சைட்டோசின் என்ற எழுத்து யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறும், மெத்தில் உள்ளது மாறாது. இந்த மாற்றம் அரைகுறையாக நின்றால், இல்லாத மெத்திலேற்றம் இருப்பதாகத் தெரியும். திசுத் துண்டில் புற்றணு குறைந்து, சாதாரண அணுக்கள் மிகுந்திருந்தால் நேர்மாறு: இருப்பது மறைந்துவிடும். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் நாள்கணக்கில் ஊறிய திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடுவதால் முடிவே வராமலும் போகும். புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பது இதற்கு மாற்றாகாது. இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

ஆகவே 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் அறிக்கை போதாது. எந்த முறை, புற்றணு எத்தனை சதவீதம், எந்த அளவுக்கு மேல் 'உண்டு' என்று கொண்டார்கள் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லைக்கோட்டை ஒட்டிய எண்ணை 'இல்லை' என்று எழுதி மருந்தை மறுப்பது தவறு.

இந்த முடிவு சிகிச்சையை நேரடியாகத் திருப்புவது, ஆறு வாரக் கதிர்வீச்சைத் தாங்க முடியாத முதியவர்களிடம்தான். மெத்திலேற்றம் இருந்தால் மருந்து மட்டும் தருவது ஒரு வழி. இல்லையென்றால் குறுகிய காலக் கதிர்வீச்சு.

இப்படிக்கு,
புற்றுநோய் மூலக்கூறு ஆய்வகப் பணியாளர்கள்