குழந்தைகளின் தோட்டக் கைவினை வகுப்பு: இன்னும் 1,945 வெள்ளி வேண்டும்

பேரன்புடையீர்,

வணக்கம். நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்காக நடத்திவரும் தோட்டக் கைவினை வகுப்பு, இவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில் மூன்றாம் முறையாக நடைபெறவிருக்கிறது. தாழ்வான மேசைகளுக்குத் தச்சர் சொன்ன விலை நவம்பர் 20 வரைதான் செல்லும் என்பதால், தீபாவளிச் செலவு முடிந்த கையோடு உங்களை நாட வேண்டியதாயிற்று. பொறுத்தருள வேண்டுகிறோம்.

மண்ணில் கைவைப்பது நமக்குப் புதிதன்று. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸ் சாலை வட்டத்தில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ மெம்பாட் மரக்கன்றை நட்டுச் சிங்கப்பூரெங்கும் மரம் நடும் பணியைத் தொடங்கிவைப்பதற்கு முன்பே, செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வாழ்ந்த நம் பெரியவர்கள் வாசலில் முருங்கை வளர்த்தார்கள். பால் டின்னில் புதினா வைத்தார்கள். மறுபயனீடு என்ற சொல்லெல்லாம் அப்போது இல்லை, டின்னைத் தூக்கியெறிய மனம் வராது, அவ்வளவுதான். சென்ற ஆண்டு எங்கள் குழுவின் மூத்த உறுப்பினரான பாட்டி ஒருவர், முளைப்பாரிக்கு வைப்பதுபோல் நவதானியத்தை முட்டை அட்டையில் விதைக்கச் சொல்லித் தந்து, “சாமிக்கு வைக்கிறோம், கலைக்கக் கூடாது” என்றார். வகுப்பு முடியும்வரை ஒரு குழந்தைகூட அந்த அட்டையில் விரல் வைக்கவில்லை. எங்கள் அதட்டலுக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

பொருள்கள் எல்லாம் வீட்டுக் குப்பையாயிற்றே, பணம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எண்ணெய்ப் போத்தல், பால் பெட்டி, கழிவறைத் தாளின் அட்டைக்குழல், பழைய நாளிதழ் ஆகியவற்றை நீங்களே தருகிறீர்கள். மண்ணும் எருவும் 720 வெள்ளி. ஏழு மேசைகள் 1,960 வெள்ளி; இதுவரை பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் குந்தியிருந்தார்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசை, மேலங்கி 540 வெள்ளி. பயிற்றுநர் இருவருக்கு 800, காப்புறுதிக்கு 340, குழாய் வேலைக்கு 500. ஆக மொத்தம் 4,860 வெள்ளி. கையில் இருப்பது 2,915 வெள்ளி.

கொசுவுக்கு இடம் தரக் கூடாது என்பதால் போத்தல்களின் அடியில் துளையிட்டுத் தருவதும், வெட்டிய விளிம்பில் ஒட்டுநாடா சுற்றுவதும் பெரியவர்களின் வேலை. அடியில் நீர் தேங்கும் ‘தானே நீர் குடிக்கும் தொட்டி’ பார்க்க அழகுதான்; டெங்கி பயத்தால் அதை விட்டுவிட்டோம். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும் என்பதால் முதல் விதை அதுவே. சின்னஞ்சிறுவர்களை அதற்கு மேல் காக்கவைக்க முடியாது. நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடமான புலாவ் செமாக்காவ் 2035க்குள் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று நம் மேசையில் அட்டைக்குழலில் விதை ஊன்றும் பிள்ளை அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்.

முன்பு உதவியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக முட்டை அட்டைகளைச் சேர்த்துவைத்துத் தரும் மளிகைக் கடைக்காரர், மறைந்த மனைவியின் திவசத்தன்று 500 வெள்ளி தந்து பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற ஐயா, வெட்டுத் துணியில் 36 மேலங்கி தைத்துத் தந்த தையற்கார அம்மா, இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்து பிள்ளைகளின் விரற்கீறலுக்கு மருந்திட்ட தாதியர், உண்டியலை உடைத்து 14 வெள்ளி 30 காசு கொண்டுவந்த ஐந்து வயதுச் சிறுமி ஆகிய அனைவருக்கும் இறைவன் எல்லா நலமும் அருள்வானாக.

சொல்லச் சங்கடமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு 36 குடும்பத்துப் பிள்ளைகள் செடித்தொட்டியோடு வீடு திரும்பினார்கள். இவ்வாண்டுக்காக அவர்களில் 11 குடும்பங்களே இதுவரை கைகொடுத்திருக்கின்றன. பிள்ளையே இல்லாத முதியவர்கள் தந்திருக்கும்போது, மற்றவர்கள் பேசாமல் இருப்பது முறையா என்பதை அவரவர் மனத்திற்கே விட்டுவிடுகிறோம்.

உரிமம் இன்றி வீடு வீடாக வசூலிக்கச் சட்டம் இடந்தராது என்பதால் நாங்கள் உங்கள் கதவைத் தட்ட மாட்டோம். சனிக்கிழமை மாலை 5 முதல் 7 மணிவரை கீழ்த்தளத்தில் பொருளாளர் அமர்ந்திருப்பார். ரசீது உண்டு, வரிக்கழிவு கிடையாது. 10 வெள்ளியும் பெரிது. வைப்புத்தொகை கட்டி வாங்கிய பானப் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்து நீங்களே 10 காசு பெற்றுக்கொள்ளுங்கள். எங்களுக்கு எண்ணெய்ப் போத்தல்கள் போதும், கழுவிக் காயவைத்து மட்டும் கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
தோட்டக் கைவினை வகுப்பு ஏற்பாட்டுக் குழுவினர்