இரவுப் பணியில் இருக்கும் தங்கைக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி,

ஸ்தோத்திரம். உன் செய்தியை இரண்டு முறை வாசித்தேன். ஜனவரியில் தொடங்கிய வேத வாசிப்பு மூன்றாம் புஸ்தகமான லேவியராகமத்தில் நின்றுபோயிற்று, இரவு டூட்டி முடிந்து வந்தால் கண் சொருகுகிறது, "ஆண்டவரை ஏமாற்றுகிறேனோ அண்ணா" என்று கேட்டிருந்தாய்.

வேதத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். நல்ல பழக்கம்தான், விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் முதலாம் சங்கீதம் யாரைப் பாக்கியவான் என்கிறது? இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவனை. எத்தனை அதிகாரம் முடித்தான் என்ற பேச்சே அங்கே இல்லை.

தியானம் என்றதும் கண்ணை மூடி மனதைக் காலியாக்குவது என்று நினைத்துவிடுகிறோம். அந்த இடத்தில் எபிரெயுவில் உள்ள சொல் 'ஹாகா'. வாய்க்குள் மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பது. எசேக்கியா ராஜா வியாதியிலிருந்தபோது "புறாவைப்போல் புலம்பினேன்" என்றானே, அதுவும் இதே சொல். ஏசாயா புஸ்தகம் 31-ஆம் அதிகாரத்தில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதும் இதே சொல்தான். யோசுவாவிடம், இந்தப் புஸ்தகம் உன் "வாயைவிட்டுப்" பிரியாதிருப்பதாக என்று கர்த்தர் சொன்னதன் பொருள் எனக்கு இதை அறிந்தபோதுதான் விளங்கியது. வார்டில் நடந்துகொண்டே செய்யலாம் இதை. அறைக்குள் கதவைப் பூட்டி உட்காரவேண்டியதில்லை.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அந்த வாரம் உனக்கு நினைவிருக்கும். ஓர் இரவு நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. சண்டே ஸ்கூலில் ஒப்பித்த 23-ஆம் சங்கீதம்தான் வாயில் வந்தது. பரிசுக்காக ஒரே மூச்சில் சொன்ன சங்கீதம். அன்று வேகமாகச் சொல்லத் தெம்பில்லை, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து... அவர் என் ஆத்துமாவைத் தேற்றி... அவர், அவர் என்றே வருகிறது. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." அவரைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்த தாவீது அந்த இருட்டில் அவரோடேயே பேச ஆரம்பித்துவிடுகிறான்! முப்பது வருடமாக என் வாயில் இருந்த சங்கீதம், அதுவரை நான் கவனித்ததே இல்லை. "தேவரீர்" என்ற அந்த ஒரு சொல்லோடு விடியும்வரை இருந்தேன். பயம் போய்விடவில்லை. ஆனால் தனியாக இல்லை என்று தெரிந்தது.

பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லரும், காலையில் முதலில் வசனத்தைத் தியானித்து, அதிலிருந்து ஜெபத்துக்குப் போகக் கற்றுக்கொண்டதை 1841-இல் எழுதிவைத்திருக்கிறார். அத்தனை வேலை தலைமேல் இருந்த மனிதர்!

லேவியராகமம் எங்கும் போய்விடாது, லீவு நாளில் தொடரலாம். இன்றிரவு 121-ஆம் சங்கீதத்தை மட்டும் எடுத்துக்கொள். எட்டே வசனம். அதில் 'காக்கிறவர்', 'காப்பார்' என்று ஆறு முறை வருகிறது. "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்பதை, மூன்று மணிக்கு நீ ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போகும்போது மெல்லச் சொல்லிப் பார். எந்தச் சொல்லில் உன் கால் நின்றது என்று எனக்கு எழுது.

ஜெபத்துடன்,
அண்ணன்