அறிவியல் ஆசிரியர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், கூட்டங்களுக்கு வந்தவர், வராதவர் கணக்கும் பதிவேட்டில் இருக்கிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் மன்றம் கையில் எடுத்தது ஒரே வேலைதான். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் ‘காரணம் கூறுக’ என்றதும் மனப்பாட வரியைக் கொட்டாமல், காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆரம்பம், ஒரு கூற்றையும் ஒரு காரணத்தையும் கொடுத்து இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கும் கூற்று–காரணம் வகைக் கேள்விகளில். ‘இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை’ என்ற விடையில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இரண்டு வாக்கியமும் தனித்தனியே உண்மை என்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ‘இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது’ என்ற முதல் விடையில் டிக். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்: காக்கையும் நிஜம், பழமும் நிஜம். மே மாத வெயிலுக்குக் காரணம் பூமி நீள்வட்டப் பாதையில் சுற்றுவது என்று கொடுத்தால் பாதி வகுப்பு ஒப்புக்கொள்கிறது. அவர்களிடம் ஒரு தகவலை மட்டும் சொல்லிப் பாருங்கள்: நாம் பனியில் நடுங்கும் ஜனவரியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. அப்புறம் பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.

அதிகம் சண்டை நடந்தது மெழுகுவர்த்திச் சோதனையில். தட்டில் கலர் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று பல கைடுகள் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. மாதிரி வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல், ‘தண்ணீர் எப்போது ஏறுகிறது, பார்’ என்று மட்டும் சொன்னோம். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் பெரிதாக அசையவில்லை, அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறியது. ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்றால் எரிய எரியவே ஏறியிருக்க வேண்டுமே என்று ஒரு ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வந்ததை இன்னொருவன் பார்த்திருந்தான். அதே டம்ளரில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தபோது தண்ணீர் இன்னும் மேலே போனது. உள்ளே இருந்த ஆக்சிஜன் என்னவோ அதே அளவுதான். சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அதனால்தான் தண்ணீர் ஏறுகிறது என்ற இடத்துக்குப் பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள். சுடர் அணைந்த பிறகும் உள்ளே ஆக்சிஜன் மீதி இருக்கும் என்பதை நாங்கள் கடைசியில்தான் சொன்னோம்.

பரீட்சைத் தாளில் இதை எழுதி மார்க் போனால் யார் பொறுப்பு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வினாத்தாள் தயாரிப்பவர்களிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே பேசுவதுதான் வழி என்பது என் கருத்து. பிள்ளையைத் தப்பாக எழுதச் சொல்வது வழியாகாது.

மாதக் கூட்டங்களில் நன்றாகப் போனது, கை கால்களைத் துவளவைக்கும் பெரிபெரி நோய் பற்றிய பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், அந்த நோயை ஆராய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மான் வளர்த்த கோழிகளுக்கும் அதே மாதிரி கால் துவண்டது. அப்புறம் தானாகச் சரியானது. விசாரித்தால், இடையில் ராணுவ மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது, புதிதாக வந்த சமையல்காரர் கொடுக்க மாட்டேன் என்று நிறுத்தியிருக்கிறார். தீட்டிய அரிசியில் ஏதோ நச்சு இருப்பதாக எய்க்மான் நினைத்தார். தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒரு சத்து இல்லாததுதான் நோய்க்குக் காரணம் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். ஒன்று இருப்பது மட்டுமல்ல, இல்லாமல் போவதும் காரணமாகலாம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. தவிடு தெரியாத பிள்ளைகளுக்குக் கைக்குத்தல் அரிசியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வரும் வருடம் ஆணி துருப்பிடிக்கும் சோதனை. கொதித்தாறிய தண்ணீர், மேலே எண்ணெய், ஆணி துருப்பிடிக்காது. ஆனால் தடுத்தது கொதிக்க வைத்ததா, எண்ணெயா? இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டால் பதில் கிடைக்காது, அதனால் எண்ணெய் ஊற்றாத ஒரு குழாயும், கொதிக்க வைக்காத தண்ணீரில் எண்ணெய் ஊற்றிய ஒன்றும் கூடுதலாக வைக்க வேண்டும். சோதனைக் குழாய் போதாது, வாங்கப் பணம் வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் கிளம்பும் முன் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.